பழைய பாண், பழத்தோல், தவிடு: மாட்டுத் தீவனச் செலவை இப்படிக் குறைக்கலாமா? (திருகோணமலை)

நிலாவெளிக்காரி

எல்லோருக்கும் வணக்கம். நிலாவெளியில் வீட்டோடு சேர்ந்த கொட்டிலில் ஐந்து கறவை மாடும் பதினெட்டு ஆடும் வைத்திருக்கிறேன். பால் காசு கைக்கு வர முன்னமே அதில் பாதிக்கு மேல் தீவனக் கடைக் கொப்பியில் கழிந்துவிடுகிறது. மாட்டுக்கு ஒரு நாளைக்கு நாலு கிலோ கலப்புத் தீவனம் என்றால் ஐந்துக்கும் இருபது கிலோ. 2022இல் விலை ஏறியபோது இரண்டு மாட்டை விற்றேன். மிச்சத்தையும் விற்க மனம் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு விஷயம் கவனித்தீர்களா? மே மாதம் கச்சான் காற்று தொடங்கினால் செப்டெம்பர் வரை புல் கருகிப் போகும். நாங்கள் தீவனத்துக்கு அதிகம் செலவழிப்பதும் அந்த மாதங்களில்தான். அதே மாதங்களில்தான் நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரை ஹோட்டல்களில் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். விடிய ஆறு மணிக்குப் பின்பக்கத்தால் போனால் பப்பாசித் தோல், அன்னாசித் தோல், வத்தகைத் தோல் என்று பெரிய வாளிகளில் நிற்கும். எல்லாம் குப்பை லொறியில் போகிறது. பக்கத்து பேக்கரி ஒன்றும் விற்காத பாணை மூடையாகத் தரச் சம்மதம் என்கிறது, கிலோ 30 ரூபாய்.

இதையெல்லாம் கறவை மாட்டுக்குக் கொடுக்கலாமா? எவ்வளவு? எதைத் தொடவே கூடாது? செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

கிண்ணியா_நானா

தங்கச்சி, நான் பத்து வருடமாகப் பாண் கொடுக்கிறேன். ஆனால் கொடுக்கப் பழகுவதற்கு நான் கொடுத்த விலையை முதலில் சொல்கிறேன், நீங்கள் அதைக் கொடுக்க வேண்டாம்.

ஒரு கல்யாண வீட்டில் சோறு மிஞ்சியது. நல்ல சோறு, கெட்டுப்போகவில்லை. வீணாகப் போகிறதே என்று ஒரு பெரிய சட்டி நிறைய வாங்கி வந்து கொட்டிலுக்கு வெளியே வைத்தேன், காலையில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம் என்று. இரவில் இரண்டு ஆடு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்ச் சட்டியில் வாய் வைத்துவிட்டன. சுபஹுக்கு எழும்பிப் பார்த்தேன். சினையாக இருந்த மறி இடது பக்க வயிறு மத்தளம் மாதிரி ஊதி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றது. மிருக வைத்தியரைக் கூட்டி வர இரண்டு மணி நேரம் ஆனது. மறி போய்விட்டது. மற்றது பிழைத்தது, ஆனால் ஒரு மாதம் ஒழுங்காகத் தின்னவில்லை.

சோறு நஞ்சல்ல. அசை போடும் பிராணியின் வயிற்றுக்குள் மாச்சத்து ஒரேயடியாக இறங்கினால் அது புளித்து அமிலமாகிவிடும் என்று வைத்தியர் பிறகு விளக்கினார். பாணும் அதே இனம்தான். அதனால் நான் பாணை வெயிலில் நன்றாகக் காய வைத்து, உலக்கையால் இடித்து, தவிட்டோடு கலந்துதான் வைப்பேன். முதல் நாள் ஒரு மாட்டுக்கு ஒரு கைப்பிடி. இரண்டு வாரம் எடுத்து மெல்லக் கூட்டுவேன். வைக்கோலோ புல்லோ தின்ற பிறகுதான் பாண், வெறும் வயிற்றில் ஒருநாளும் இல்லை. பெரிய மாட்டுக்குக் காலை, மாலை பிரித்து மொத்தம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நான் போவதில்லை. ஆட்டுக்கு 100 கிராம்.

பூஞ்சணம் பிடித்த பாணில் பச்சைப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரிவது மேலே பூத்தது மட்டும்தான், வேர் உள்ளே ஓடியிருக்கும். முழுப் பாணையும் குழியில் போடுங்கள்.

ஈச்சிலம்பற்று_பட்டி

எங்களிடம் எண்பது மாடு, பட்டி மாடு. பாணும் வேண்டாம், பழத்தோலும் வேண்டாம், வயல் வெட்டிய பிறகு ஒட்டில் மேய்ந்தால் போதும். எங்களுக்குப் பிரச்சினை தீவன விலை இல்லை, மேய்ச்சல் தரைதான். பெரும்போகம் விதைத்தால் மாட்டைக் காட்டுப் பக்கம் கொண்டு போக வேண்டும், காட்டிலும் இப்போது இடமில்லை. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஹோட்டல் குப்பையை மாட்டுக்குப் போட்டுப் பழக்கினால் நாளைக்கு அரசாங்கம் மேய்ச்சல் தரை எதற்கு என்று கேட்கும்.

போதனாசிரியர்_ஓய்வு

நான் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஈச்சிலம்பற்றுத் தம்பி சொல்வது உண்மையான மனக்குறை, அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், நானும் எழுதுகிறேன். ஆனால் பிள்ளை கேட்டது கொட்டிலில் கட்டி வளர்க்கிற மாட்டைப் பற்றி.

பிள்ளை, எந்தக் கழிவையும் வாங்க முன்னம் ஒரு கணக்குப் போடப் பழகுங்கள். அதில் தண்ணீர் எவ்வளவு? மாட்டுக்குச் சத்து, தண்ணீரைக் கழித்த பிறகு மிஞ்சுகிற உலர்பொருளில்தான் இருக்கிறது. கடைத் தீவனம் 100 கிலோவில் 88 கிலோ உலர்பொருள். கிலோ 110 ரூபாய் என்றால் உலர்பொருள் ஒரு கிலோ 125 ரூபாய்க்கு விழுகிறது. பாணில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடத் தண்ணீர், 100 கிலோவில் ஏறத்தாழ 64 கிலோதான் உலர்பொருள். 30 ரூபாய்ப் பாண் அப்படிப் பார்த்தால் 47 ரூபாய். இது லாபம்தான்.

இனிப் பழத்தோல். அதில் 85 முதல் 90 வீதம் தண்ணீர், வத்தகைத் தோல் அதற்கும் மேல். சும்மா கிடைத்தால் நல்லது. யாராவது கிலோ 10 ரூபாய் கேட்டால்? பத்துக் கிலோ தோலுக்கு 100 ரூபாய் கொடுத்து ஒரு கிலோ, ஒன்றே கால் கிலோ உலர்பொருள் வாங்குகிறீர்கள். உலர்பொருள் ஒரு கிலோ 80 முதல் 100 ரூபாய், கடைத் தீவனத்தின் 125 ரூபாயை நெருங்கிவிட்டது, சத்து அதைவிடக் குறைவு. எரிபொருள் வேறு. தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள், தண்ணீரைத் தூரத்திலிருந்து ஏற்றியும் வராதீர்கள்.

இதை என் சொல்லை நம்பிச் செய்ய வேண்டாம். ஒரு வாளித் தோலை நிறுத்துப் பாருங்கள். சிறிதாக வெட்டித் தகரத்தில் பரப்பி, கையில் எடுத்தால் நொறுங்கும் வரை வெயிலில் காய விடுங்கள். திரும்ப நிறுங்கள். விடை உங்கள் தராசிலேயே இருக்கும்.

இன்னொன்று. பாணும் பழத்தோலும் சக்தி கொடுக்கும், புரதம் போதாது. தீவனத்தைக் குறைத்துப் பாணைக் கூட்டினால் முதல் வாரம் பால் நிற்கும், மூன்றாம் வாரம் இறங்கும். அந்தக் குறையை நிரப்பத் தேங்காய்ப் புண்ணாக்கு இருக்கிறது, ஏறத்தாழ 20 வீதம் புரதம். அதைவிட மலிவு உங்கள் வேலியில் நிற்கும் கிளிசிரியா. இலையில் அதே அளவோ கூடவோ புரதம் உண்டு. வெட்டியவுடன் போட்டால் மணத்துக்கு மாடு முகத்தைத் திருப்பும். அரை நாள் வாட விட்டுப் போடுங்கள், தின்னும்.

தம்பலகாமம்_வயல்

தவிட்டைப் பற்றி ஒருவரும் விரிவாக எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். எங்கள் ஊரில் அரிசி மில்லுக்குக் குறைவில்லை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்கிற பூமி, நெல் இருக்கும் இடத்தில் தவிடும் இருக்கும்.

ஆனால் தவிடு என்று சொல்லி விற்பது எல்லாம் தவிடில்லை. உமியை அரைத்துக் கலந்துவிடுவார்கள். உமியில் மாட்டுக்கு ஒன்றுமில்லை. வாங்க முன்னம் ஒரு பிடி எடுத்து ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உமி மேலே மிதக்கும், தவிடு ஊறிக் கீழே இறங்கும். நான் மில்லுக்குப் போகும்போது ஒரு வெள்ளைக் கிண்ணம் கொண்டு போவேன். ஆரம்பத்தில் மில்காரர் முகம் சுளித்தார். இப்போது என் சைக்கிள் வரும்போதே நல்ல மூடையைக் காட்டிவிடுவார்.

இரண்டாவது, புதுத் தவிடாக இருக்க வேண்டும். தவிட்டில் எண்ணெய் கூட. குத்திய நாளிலிருந்தே அது காறத் தொடங்கிவிடும், எங்கள் வெக்கைக்கு ஒரு வாரத்திலேயே மணம் மாறும். நாக்கு நுனியில் வைத்தால் நல்லது இனிக்கும், பழையது கசக்கும். மலிவு என்று இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கினால் பாதியைக் கொட்ட வேண்டி வரும். வாரத்துக்கு வாரம் வாங்குங்கள். புழுங்கல் அரிசித் தவிடு கொஞ்சம் தாங்கும், நெல்லை அவிக்கும் சூட்டில் அந்தக் காறல் வேலை மந்தமாகிவிடும்.

அப்புறம் வைக்கோல். வயலில் நெருப்பு வைக்கிறதைப் பார்க்க வயிறு எரிகிறது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லீற்றர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, அடுக்கடுக்காக மிதித்து, பொலித்தீனால் காற்றுப் போகாமல் மூடி 21 நாள் வைத்தால், திறக்கும்போது மஞ்சளாக, மெத்தென்று, மூக்கைத் துளைக்கும் மணத்தோடு இருக்கும். எடுத்ததை இரண்டு மணி நேரம் காற்றாட விட்ட பிறகு போடுங்கள். சாதா வைக்கோலைவிட மாடு விரும்பித் தின்னும், புரதமும் இரட்டிப்பாகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு வேண்டாம். யூரியாக் கரைசல் வாளியை மாட்டுக்கு எட்டும் இடத்தில் வைக்கவே வேண்டாம், குடித்தால் உயிர் போகும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது வயலுக்கே யூரியா இல்லை, அப்போது இதைக் கைவிட்டேன். திரும்ப எடுத்து மூன்று போகம் ஆகிறது.

பாலையூற்று_பண்ணை

என்னிடம் பன்றி பன்னிரண்டு, முட்டைக் கோழி இருநூறு. ஹோட்டல் சாப்பாட்டுக் கழிவை இருபது வருடமாகப் பன்றிக்குப் போடுகிறேன். சோறு, கறி, மீன் தலை, எலும்பு எல்லாம் சேர்ந்து வரும். ஒரு கொதி வைத்துக் கொடுப்பேன். விறகு இல்லாத நாளில் அப்படியே. ஒன்றும் ஆகவில்லை. கழிவு இல்லாவிட்டால் பன்றி வளர்க்கவே கட்டாது. நீங்கள் எல்லோரும் மாட்டுக்காரர்கள், இவ்வளவு பயப்படுகிறீர்கள்.

போதனாசிரியர்_ஓய்வு

தம்பி, உங்கள் பிழைப்பில் கை வைக்க நான் எழுதவில்லை. ஆனால் இதில் மட்டும் விட்டுக்கொடுத்துப் பேச என்னால் முடியாது.

2001இல் பிரித்தானியாவில் கால் வாய் நோய் பரவியது. வடக்கே ஒரு பன்றிப் பண்ணையில், சரியாகச் சூடாக்காத சாப்பாட்டுக் கழிவிலிருந்து தொடங்கியது என்று விசாரணையில் கண்டார்கள். அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட மாடு, ஆடு, பன்றிகளைக் கொன்று எரித்தார்கள், புதைத்தார்கள். அந்த வருடமே அங்கே இப்படிக் கழிவு போடுவதைத் தடை செய்தார்கள். அது தூர தேசம் என்று சொல்ல வேண்டாம். 2024 இன் கடைசி மாதங்களில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் எங்கள் நாட்டுக்குள்ளேயே வந்ததே. அந்தக் கிருமி உறைய வைத்த இறைச்சியிலும் பதப்படுத்திய சொசேஜ்களிலும் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். ஹோட்டல் தட்டில் மிஞ்சிய ஒரு துண்டு பன்றி இறைச்சி உங்கள் பன்னிரண்டையும் கொண்டு போகப் போதும். இருபது வருடம் ஒன்றும் நடக்காததற்குக் காரணம், அந்த நோய் அதுவரை இங்கே இல்லை.

கழிவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜப்பானில் உணவுக் கழிவைத் தீவனமாக்குவது ஒரு பெரிய தொழில். இறைச்சி கலந்திருந்தால் இவ்வளவு சூட்டில் இவ்வளவு நேரம் கிண்டிக் கொதிக்க வைக்க வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது, 2018இல் அவர்களுக்கு இன்னொரு வகைப் பன்றிக் காய்ச்சல் வந்த பிறகு அதை இன்னும் இறுக்கினார்கள். 'ஒரு கொதி' அங்கே கணக்கில் இல்லை. விறகு இல்லாத நாள் என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது.

வீட்டளவில் பாதுகாப்பான வழி, இறைச்சி, எலும்பு, தட்டு மிச்சம் எதையும் வாங்காமல் இருப்பதுதான். மாடு, ஆட்டுக்கு விலங்கிலிருந்து வந்த எதுவும் வேண்டாம். இறைச்சி எலும்புத் தூளை மாட்டுக்குக் கொடுத்ததால்தான் பித்த மாட்டு நோய் பிரித்தானியாவில் பரவியது.

பாலையூற்று_பண்ணை

ஐயா, கோபத்தில் ஒரு பதில் எழுதி அழித்துவிட்டேன். இரவு யோசித்தேன். காய்ச்சல் வந்த நேரம் களுத்துறைப் பக்கத்தில் என் மச்சான் முறையானவர் எல்லாப் பன்றியையும் இழந்தார், எனக்குத் தெரியும். நான் அது தெற்கோடு போய்விடும் என்று இருந்துவிட்டேன். தட்டு மிச்சத்தை இந்தக் கிழமையோடு நிறுத்துகிறேன். ஆனால் பன்றிக்கு என்ன போடுவது? மரவள்ளித் தோல் கிடைக்கிறது, போடலாமா? கொட்பேத் துறைமுகத்தில் மீன் கழிவு சும்மா கிடைக்கிறது, அதைக் கோழிக்கு?

போதனாசிரியர்_ஓய்வு

நல்ல முடிவு தம்பி. மரவள்ளித் தோலைப் பச்சையாகப் போடாதீர்கள், அதில் சயனைட்டு உண்டு. சிறிதாக நறுக்கி இரண்டு மூன்று நாள் வெயிலில் மொறுமொறுவென்று காய வையுங்கள். கோடையில் எங்களுக்கு வெயில் தாராளம். குறுணல், தவிடு, புண்ணாக்கு, காய்ந்த மரவள்ளி, காய்கறிக் கடைக் கழிவு. இவற்றைக் கலந்தால் முழுத் தீவனத்தில் ஒரு நல்ல பங்கைக் குறைக்கலாம். கடைக் கழிவில் வெங்காயம் கூட இருந்தால் அதை மாட்டுப் பக்கம் அனுப்பாதீர்கள், இரத்தம் வற்றிப்போகும்.

மீன் கழிவுக்கு அமிலப் பதனம் ஒன்று இருக்கிறது. தலை, குடல், செதில் எல்லாவற்றையும் நன்றாக அரைத்து, நூறு கிலோவுக்கு மூன்று கிலோ கணக்கில் போமிக் அமிலம் கலந்து, பிளாஸ்டிக் பீப்பாவில் மூடி வைத்து, நாளுக்கு ஒரு முறை கட்டையால் கிண்டுங்கள். இறப்பர்ப் பாலை உறைய வைக்கும் அதே அமிலம்தான், இறப்பர்ச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள், தோலை எரிக்கும். தகரப் பீப்பா அரித்துப் போகும். ஒரு வாரத்தில் எல்லாம் கரைந்து கஞ்சியாகும். அமில அளவைக் காட்டும் பிஎச் (pH) தாளில் நாலுக்குக் கீழே காட்ட வேண்டும், அழுகல் மணம் வரக்கூடாது. தவிட்டில் பிசைந்து காய வைத்துக் கோழிக்குக் கொஞ்சமாகப் போடலாம். கூடினால் முட்டையில் மீன் மணக்கும், வாங்குகிறவர் ஒரு தடவைதான் மன்னிப்பார். அமிலத்துக்குப் பதிலாக மொலாசஸ் போட்டுப் புளிக்க வைக்கிறதும் உண்டு. கந்தளாய்ச் சீனி ஆலை ஓடியிருந்தால் அது எங்கள் வாசலிலேயே கிடைத்திருக்கும், இப்போது ஹிங்குராணப் பக்கத்திலிருந்து வர வேண்டும்.

உப்புவெளி_சமையலறை

நான் ஒரு கடற்கரை ஹோட்டலில் சமையலறை வேலை. இந்த இழையை என்னோடு வேலை செய்கிறவர் காட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

எங்களிடம் இரண்டு விதமான கழிவு இருக்கிறது, வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அது தெரியாது. விடிய நாலரையிலிருந்து எட்டு மணி வரை வெட்டும் மேசையில் விழுவது: பழத்தோல், கோவா இலை, கரட் தோல், வெள்ளரி நுனி. இது சுத்தம், ஒருவரும் வாய் வைக்காதது. எட்டு மணிக்குப் பிறகு மேசைகளிலிருந்து திரும்பி வருவது மற்றது. அதில் பல்லுக்குச்சி, தக்காளிச் சோஸ் பக்கற், வெண்ணெய் சுற்றிய தாள், ஒரு முறை உடைந்த கிளாஸ் துண்டு. இரண்டும் ஒரே பீப்பாவில் விழுந்தால் பிறகு கடவுளாலும் பிரிக்க முடியாது.

அதனால் அக்கா, 'கழிவு தாருங்கள்' என்று முகாமையாளரிடம் கேட்க வேண்டாம். மூடியோடு இரண்டு பச்சை வாளி கொண்டு வந்து வெட்டும் மேசைக்குக் கீழே வைக்க அனுமதி கேளுங்கள். எட்டு மணிக்கு எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு நாள் பிந்தினாலும் இங்கே ஆட்கள் வேறு எதையாவது அதற்குள் கொட்டிவிடுவார்கள். வாளியைக் கழுவிக் காய வைத்துக் கொண்டு வாருங்கள், ஈ வந்தால் முகாமையாளர் மறுநாளே நிறுத்திவிடுவார்.

கோட்டைக்குள்ளேயும் கடற்கரைப் பக்கமும் திரியும் புள்ளிமான்களைப் பார்த்திருப்பீர்கள். கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்கள் போடும் சாப்பாட்டுப் பார்சலை அப்படியே பொலித்தீனோடு மெல்லும். செத்த மானின் வயிற்றில் உருண்டை உருண்டையாகப் பொலித்தீன் எடுத்ததைப் படமாகப் பார்த்தவன் நான். மாடும் அப்படித்தான், வாயில் பிரித்தறியத் தெரியாது. அன்றிலிருந்து பச்சை வாளி இருக்கும் மேசையில் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க நான் விடுவதில்லை.

ஈச்சிலம்பற்று_பட்டி

சரி, ஒரு கேள்வி. ஓட்டோவுக்கு எரிபொருள், விடிய எழும்பிப் போய் வரும் இரண்டு மணி நேரம், வெட்டும் நேரம், வாளி கழுவும் நேரம். இதையெல்லாம் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. பத்துக் கிலோ தோலுக்குள் ஒரு கிலோ சத்து என்று ஐயாவே சொல்கிறார். அந்த ஒரு கிலோவுக்காக நிலாவெளியிலிருந்து உப்புவெளிக்கு ஓட வேண்டுமா?

நிலாவெளிக்காரி

அண்ணை, நியாயமான கேள்வி. அதற்காகத்தான் உப்புவெளிக்குப் போக மாட்டேன் என்று முடிவெடுத்திருக்கிறேன். நடந்து போகிற தூரத்தில் எங்கள் ஊரிலேயே இரண்டு ஹோட்டல் இருக்கிறது. பால் கொண்டு போகிற பாதை அதுதான், திரும்பும்போது வெறும் கையோடுதான் வருகிறேன். அந்தக் கையில் வாளி வரும்.

கிண்ணியா_நானா

தவிட்டோடு சம்பந்தப்பட்ட ஒரு எச்சரிக்கை. சீனன்குடா மாவு ஆலையால் கோதுமைத் தவிடு எங்கள் மாவட்டத்தில் தாராளமாகப் புழங்குகிறது, நல்ல பொருள், புரதம் 15 வீதத்துக்குக் குறையாது. ஆனால் ஹஜ்ஜுக்கு வளர்த்த கிடாய் ஒன்றுக்குத் தவிடே கதி என்று போட்டு, அது மூத்திரம் அடைத்து நின்றது. சொட்டுச் சொட்டாக, முதுகை வளைத்துக்கொண்டு. வைத்தியர் கல் என்றார். அதிலிருந்து டீசீபி (டைகல்சியம் பொஸ்பேற்று) என்ற தாதுத் தூள் கலக்கிறேன்.

போதனாசிரியர்_ஓய்வு

நானா, கல் வந்த காரணம் சரி, மருந்து சரியில்லை. தவிட்டில் பொஸ்பரஸ் மிகக் கூட, கல்சியம் மிகக் குறைவு. கல்சியம் இரண்டு பங்குக்குப் பொஸ்பரஸ் ஒரு பங்கு என்று இருக்க வேண்டும், தவிட்டில் அது தலைகீழ். டீசீபியில் பொஸ்பரசும் சேர்ந்தே வருகிறது. தவிடு கூடுதலாகப் போடுகிறவர்களுக்கு வேண்டியது சுண்ணாம்புக்கல் தூள். நூறு கிலோக் கலவைக்கு ஒன்றரை, இரண்டு கிலோ. கிடாய்க்குத் தண்ணீர் எப்போதும் நிறைய இருக்கட்டும்.

கிண்ணியா_நானா

அல்ஹம்துலில்லாஹ், இவ்வளவு காலம் பிழையாகப் போட்டிருக்கிறேன் ஐயா. நாளைக்கே மாற்றுகிறேன்.

நிலாவெளிக்காரி

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், பிந்தியதற்கு எல்லோரும் மன்னிக்க வேண்டும்.

முதலில் ஐயா சொன்ன தகரச் சோதனை. ஒரு வாளித் தோல், சரியாகப் பத்துக் கிலோ. பப்பாசியும் அன்னாசியும் பாதிப் பாதி. வெட்டிப் பரப்பி, மூன்று நாள் கச்சான் வெயிலில் காய விட்டேன். மூன்றாம் நாள் மாலை அன்னாசித் தோல் ஓலை மாதிரிச் சரசரத்தது. மகள் கூட்டி அள்ளித் தராசில் வைத்தாள். ஒரு கிலோ இருநூறு கிராம். அவள் நம்பாமல் தராசைத் தட்டிப் பார்த்துத் திரும்ப நிறுத்தாள். அன்றைக்கே தோலைப் பற்றி எனக்கிருந்த பெரிய ஆசை இறங்கிவிட்டது. இப்போது தோலை ஆட்டுக்கும் பால் வற்றிய மாட்டுக்கும் மட்டும் பச்சையாகப் போடுகிறேன், புல்லுக்குப் பதிலாக. அந்த வெயிலில் தண்ணீரோடு தின்ன அவற்றுக்கு அவ்வளவு விருப்பம். தீவனத்தைக் குறைத்தது பாணும் தவிடும் கிளிசிரியாவும்தான்.

கணக்கு இப்படி. முன்பு நாளுக்கு 20 கிலோ தீவனம். இப்போது 13. குறைந்த ஏழு கிலோவுக்கு நாளுக்கு ஏழு கிலோப் பாண், காய்ந்தால் ஐந்து கிலோ, மாட்டுக்கு ஒரு கிலோ. மேலதிகமாக இரண்டரைக் கிலோத் தவிடு, தம்பலகாமத்து அண்ணையின் கிண்ணத்தில் தேறியது. நானும் ஒரு வெள்ளைக் கிண்ணம் வாங்கினேன். காலை, மாலை ஒரு கட்டுக் கிளிசிரியா. என் கொப்பியில் இருப்பது: மாதம் 210 கிலோத் தீவனம் 110 ரூபாய்ப்படி 23,100 மிச்சம். பாணுக்கு 6,300, தவிட்டுக்கு கிலோ 60 ரூபாய்ப்படி 4,500, எரிபொருளும் சுண்ணாம்புத் தூளும் சேர்த்து 3,000. கையில் நிற்பது 9,300 ரூபாய். ஈச்சிலம்பற்று அண்ணை கேட்ட நேரக் கணக்கை இதில் சேர்க்கவில்லை. பாண் இடிக்கவும் வாளி கழுவவும் நாளுக்கு ஒரு மணி நேரம் போகிறது, அது உண்மை.

பால் நாலாம் வாரம் கொஞ்சம் இறங்கியது, ஐயா எழுதியது மாதிரியே. கிளிசிரியாவை ஒரு கட்டிலிருந்து இரண்டாக்கினேன், பத்து நாளில் பழைய அளவுக்கு வந்தது. ஒரு மாடு மட்டும் இன்னமும் கிளிசிரியாவைத் தொடுவதில்லை, அதற்கு ஒரு கைப்பிடி புண்ணாக்குப் போடுகிறேன்.

ஒரு தவறும் நடந்தது. மூன்றாம் வாரம் பேக்கரியிலிருந்து வந்த மூடையின் அடியில் ஈரம். மேலே நல்ல பாண், அடியில் பச்சை. அவசரத்தில் மேலே இருந்ததை மட்டும் எடுத்துக் காய வைக்கலாம் என்று நினைத்தேன். நானா எழுதியது ஞாபகம் வந்து எல்லாவற்றையும் குழியில் போட்டேன். 400 ரூபாய் போனது. இப்போது மூடையைக் கடை வாசலிலேயே கவிழ்த்துப் பார்த்துத்தான் காசு கொடுக்கிறேன், அவர்களும் சணல் சாக்கில் கட்டித் தருகிறார்கள்.

ஹோட்டல் இரண்டில் ஒன்று பச்சை வாளிக்குச் சம்மதித்தது. மற்றது மாட்டேன் என்றது, தெரியாத ஆள் சமையலறைக்குள் வரக்கூடாதாம். பாலையூற்று அண்ணைக்கு, மீன் பீப்பா என்ன ஆனது?

பாலையூற்று_பண்ணை

மூன்றாவது பீப்பா ஓடுகிறது தங்கச்சி. முதலாவது அமிலம் போதாமல் அழுகிவிட்டது, அயல் முழுவதும் சண்டைக்கு வந்தார்கள். இரண்டாவதிலிருந்து தராசு வைத்து நிறுத்துப் போடுகிறேன். முட்டையில் மணம் இல்லை, நானே அவித்துத் தின்று பார்த்தேன். தட்டு மிச்சம் கொண்டு வந்து இறக்கும் லொறிக்காரருக்கு இனி வேண்டாம் என்று சொல்லி ஆறு வாரம். பன்றி நிறை கூடுவது கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கிறது. மரவள்ளித் தோலை மாரிக்கு முன்னம் எவ்வளவு காய வைத்துக் கட்டலாம் என்று பார்க்கிறேன். ஒக்டோபர் பிறந்தால் வெயில் இல்லை.

தம்பலகாமம்_வயல்

மாரிக்குக் காய வைத்ததைத் தரையில் அடுக்காதீர்கள். பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது, பத்து மூடை வரை வைக்கலாம். லொறி வரும் நாளைச் சொல்லுங்கள்.